ஃபிளை அடிக்குப் போகவில்லையா? எடையைக் கூட்டுமுன் லைனைப் பாருங்கள்

ட்ரவுட் குளிர்நாட்டு மீன். மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங், லாசா பக்கம் போனால் பிளஸ் ஆற்றில் செபாரா, தெங்காஸ் என்ற உள்ளூர் மீன்கள்தான். ஆனாலும் ட்ரவுட்டுக்காக ஃபிளையை, அதாவது முள்ளில் பூச்சிபோலக் கட்டிய செயற்கை இரையை, ஆழத்துக்கு இறக்கப் பழகிய முறைகள் இங்கேயும் அப்படியே செல்லும். வெயில் ஏறியபின் மீன் மடுவின் அடியில் ஒதுங்கிவிடும். தலைக்கு மேல் ஒரு முழம் தள்ளிப் போகிற ஃபிளையை அது சட்டை செய்யாது.

ஃபிளை இறங்கவில்லை என்றதும் பலரும் இன்னொரு ஈயக்குண்டைச் சேர்ப்பார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ஃபிளையை மேலே தூக்குவது பெரும்பாலும் லைன்தான், அதாவது கோலிலிருந்து வீசும் தடித்த கயிறு. ஆற்றின் அடியில் கற்கள் தடுப்பதால் நீர் மெதுவாகப் போகும், மேற்பரப்பில் வேகமாக ஓடும். மேலே மிதக்கும் லைன் வில்லாக வளைந்து முன்னால் ஓட, இறங்கிக்கொண்டிருந்த ஃபிளை பின்னாலேயே இழுபட்டு மேலே வந்துவிடுகிறது.

அதனால் மடுவுக்கு நேராக வீசாதீர்கள். மடு தொடங்கும் இடத்துக்கு மூன்று, நான்கு மீட்டர் மேலே, நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்து வீசுங்கள். லைன் நீரில் பட்டதுமே கோல் நுனியால் அதன் வயிற்றை மேல்நீர் பக்கம் புரட்டிப் போட வேண்டும். இரண்டு விநாடி தாமதித்தாலும் பயனில்லை. வீச்சின் முடிவில் கோலை உயரத்திலேயே வெடுக்கென நிறுத்தினால், எடையுள்ள ஃபிளை லீடருக்கு (லைனையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு) அடியில் மடங்கி முதலில் நீருக்குள் போகும். லீடர் தளர்வாக அதன்மேல் விழும். அந்தத் தளர்வு இருக்கும்வரை ஃபிளையை எதுவும் இழுக்காது, நேராக இறங்கும்.

அடுத்தது நரம்பு. நீரின் அடர்த்தி 1 என்றால் நைலான் ஏறக்குறைய 1.14, ஃபுளூரோகார்பன் 1.78. ஆனால் இந்த வித்தியாசத்தைவிடத் தடிமன்தான் முக்கியம். தடித்த நரம்பு நீரைக் கிழித்துக்கொண்டு இறங்காது. தடிமனை எக்ஸ் எண்ணில் சொல்வார்கள், எண் கூடினால் நரம்பு மெலியும். 5எக்ஸ் என்றால் 0.15 மில்லிமீட்டர், 3எக்ஸ் 0.20. தெங்காசுக்கு 4எக்ஸ் தாங்கும். பாறைக்குள் பாயும் செபாராவுக்கு 3எக்ஸைவிட மெல்லியது வேண்டாம். கடையில் வாங்கும் லீடரின் தடித்த மேல்பாகம் மெதுவாகவே மூழ்கும். ஆகவே கடைசி ஒன்றரை, இரண்டு மீட்டரை ஒரே தடிமனுள்ள மெல்லிய நுனி நரம்பாக (டிப்பெட்) கட்டுங்கள்.

கை எண்ணெயும் சன்ஸ்கிரீனும் பட்ட நரம்பு நீரின் தோலை உடைக்காது. குனிந்து பார்த்தால், நரம்பு கிடக்கும் இடத்தில் நீர் கோடு போட்டதுபோல் லேசாகக் குழிந்திருப்பது தெரியும். நைசான களிமண்ணில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டுப் பசையாகப் பிசைந்து, கடைசி ஒரு மீட்டரில் தேய்த்தால் குழி மறைந்து நரம்பு மூழ்கிவிடும். மிதவை லைனில் மட்டும் அது படக் கூடாது.

இனி ஃபிளைக்கு வருவோம். ஃபிளையின் தலையில் கோக்கும் பித்தளை மணியின் அடர்த்தி 8.5, ஈயம் 11.3, டங்ஸ்டன் 19.3. விலை கூடினாலும் டங்ஸ்டன்தான் வாங்க வேண்டும். 14ஆம் நம்பர் முள்ளுக்கு 2.8 மில்லிமீட்டர் மணி, 12க்கு 3.3. மணிக்குப் பின்னால் ஈயக் கம்பியைப் பத்துப் பன்னிரண்டு சுற்று நெருக்கமாகச் சுற்றி மணிக்குள் தள்ளுங்கள். கம்பி, முள்ளின் தண்டளவு தடிமன் இருந்தால் போதும். ஈயக் கம்பி கிடைக்காவிட்டால் ஹார்ட்வேர் கடை சால்டர் கம்பி, பழைய வயரை உரித்த செம்பு இழை இரண்டுமே உதவும். இங்கிலாந்தில் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் நூலையே விட்டுவிட்டுச் செம்புக் கம்பியால்தான் நிம்ஃப் (நீர்ப்பூச்சியின் இளம் பருவம் போன்ற ஃபிளை) கட்டினார்.

எடை எவ்வளவு இருந்தாலும் உடல் பருத்திருந்தால் வீண். ரோமமும் பஞ்சும் காற்றைப் பிடித்துவைக்கும். உடலை ஒல்லியாகக் கட்டி மேலே மெல்லிய ரெசின் பூசினால் ஊசிபோல் இறங்கும். பஞ்சு வைத்த ஃபிளையை முதல் வீச்சுக்கு முன் நீருக்குள் பிடித்து, குமிழி நிற்கும்வரை பிழியுங்கள். செபாராவுக்கான சிறுமீன் ஃபிளையில் டம்பெல் கண்ணை (இரு முனையிலும் குண்டுள்ள உலோகக் கண்) முள்தண்டின் மேல்புறம் கட்டினால் ஃபிளை குப்புறப் புரண்டு முள் மேல்நோக்கிப் போகும், கல்லில் மாட்டுவது குறையும்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால்தான் ஈயக்குண்டு. ஃபிளைக்கு 15 முதல் 20 செண்டிமீட்டர் மேலே ஒரு முடிச்சுப் போட்டு, அதற்கு மேலே அழுத்துங்கள். முடிச்சு இல்லாவிட்டால் நாலு வீச்சில் வழுகி ஃபிளைமேலேயே வந்து உட்காரும். பல்லால் கடிக்காமல் குறடால் அழுத்துங்கள். ஈயம் நஞ்சு, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்குமுன் கையைக் கழுவிவிடுங்கள்.

இண்டிகேட்டர் (மீன் கடிப்பதைக் காட்டும் சிறு மிதவை) போடுவதானால் ஃபிளையிலிருந்து ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் வையுங்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர். பிறகு பக்கத்தில் மிதக்கும் நுரையைக் கவனியுங்கள். இண்டிகேட்டர் நுரையைவிடச் சற்றே பின்தங்கினால் ஃபிளை அடிநீரில் இருக்கிறது. சேர்ந்தே ஓடினால் இன்னும் இறங்கவில்லை. முந்தினால் லைன் இழுக்கிறது. நாலைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை கல் தட்டினால் சரியான எடை. ஒவ்வொரு ஓட்டத்திலும் தட்டினால் குறைக்க வேண்டும்.

இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட மடுவுக்கு மூழ்கும் லைனே மேல். டைப் 3 என்பது விநாடிக்குச் சுமார் 3 அங்குலம் மூழ்கும், டைப் 6 சுமார் 6. தேங்கிய நீரில் டைப் 6 விழுந்ததும் பதினைந்து எண்ணினால் ஏறக்குறைய ஏழரை அடி. இதற்கு லீடர் ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நீண்டால் லைன் அடியில் கிடக்கும், ஃபிளை மேலே அலையும். குளிர்நாட்டு ட்ரவுட்டுக்கென்று செய்த லைன் நம் வெயிலில் தொளதொளத்துக் கோல் வளையங்களில் ஒட்டும். வாங்கும்போதே வெப்பநாட்டு லைனாகக் கேளுங்கள்.

எடையுள்ள ஃபிளையை அவசரமாக வீசினால் மணி கோலில் மோதும். அந்தச் சின்னக் கீறல்தான் பிறகு பெரிய மீன் இழுக்கும்போது கோலை முறிக்கும். வீசும்போது காற்றில் லைன் போடும் வளையத்தை அகலமாக விட்டு நிதானமாக வீசுங்கள், தொப்பியும் கண்ணாடியும் போட்டிருங்கள்.

ஆழத்தைத் தேடி இடுப்பளவு நீரில் நிற்பவர்கள் மேல்நீரை அடிக்கடி திரும்பிப் பாருங்கள். தெளிந்த ஆறு தே தாரிக் நிறத்துக்கு மாறி இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் அது கெப்பாலா ஆயர், மேலேயிருந்து பாய்ந்து வரும் திடீர் வெள்ளம். மீன் மாட்டியிருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டுக் கரையேறுங்கள்.