யாழ்ப்பாணத்துக்கு அலுவலாக வந்தால் பின்னேரம் தவறணைக்குப் போவது எப்படி

கொழும்பிலிருந்து அலுவலாக வருகிற ஆட்கள் அநேகம் பேர், கந்தோர் முடிந்ததும் லொட்ஜுக்குப் போய் ஏசியைப் போட்டு, போனைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் ரவுனில் ஒரு பாரில் பியர் குடிப்பார்கள். பியர் எங்கேயும் இருக்கிறது. குடிக்கிற ஆளாக இருந்தால், யாழ்ப்பாணத்தில் ஒரு பின்னேரத்தையாவது ஊருக்குள் இருக்கிற தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்கு, ஒதுக்குங்கள்.

கள்ளில் எல்லாமே நேரம்தான். சீவல் தொழிலாளி காலையும் பின்னேரமும் மரமேறிப் பாளை சீவி, கள்ளுப் பானையான முட்டியை இறக்குவார், முட்டிக்குள் வடியும்போதே அது நொதிக்கத் தொடங்கிவிடும், யாரும் எதையும் போடத் தேவையில்லை. இரவு முழுக்கக் கட்டியிருந்து காலையில் இறங்கினதைப் பின்னேரம் குடித்தால் புளிப்பும் வெறியும் கூட. அன்று பின்னேரம் இறக்கினது இனிப்பு விடாமல் மெதுவாக இருக்கும். அதனால் முதல் தடவை போகிறவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணை, பின்னேரம் இறக்கினது வந்திட்டுதோ?" வரவில்லை என்றால் கொஞ்சம் இருந்து பாருங்கள், அவசரப்பட்டுக் காலைக் கள்ளில் இறங்கி மறுநாள் மீற்றிங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். நாலே காலுக்கு வேலை முடிந்தால் ஐந்து மணிக்குள் போய்ச் சேருங்கள், இருட்ட முன்னம் எழும்பிவிடுங்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசியில் வந்தால் பனங்கள்ளு நன்றாகக் கிடைக்கும். மாரியில் வந்தால் தென்னங்கள்ளுதான், அதுவும் மோசமில்லை, ஆனால் பனையின் அந்த மணம் வராது. பௌர்ணமிப் போயா தினத்தில் நாடு முழுக்க மதுக்கடைகள் பூட்டு, பயணத் திகதி போடும்போதே கலண்டரைப் பாருங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது சட்டம்.

எங்கே போவது? ரவுனை விட்டு பருத்தித்துறை வீதியாலோ காங்கேசன்துறை வீதியாலோ வெளியே போகிற ஓட்டோக்காரரிடம் கேட்டால் சொல்லுவார். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் போர்ட் போட்ட இடமா என்று பாருங்கள். அங்கே வருவது சங்கத்து அங்கத்தவர்கள் இறக்கின கள்ளு. வீட்டு வேலிக்குப் பின்னால் யாரோ தருகிற சீனி கரைத்த கள்ளுக்கும், களவாக வடிக்கிற சாராயமான கசிப்புக்கும் கிட்டவும் போகாதீர்கள், கசிப்பு கண்ணையும் உயிரையும் எடுக்கும். கந்தோர் வாகனத்தை வாசலில் நிறுத்தாதீர்கள், கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வையுங்கள். ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடுகிற கதையே வேண்டாம்.

உள்ளே போனால் பெரும்பாலும் போத்திலும் கிளாஸும்தான் வரும். பிளா இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பச்சைப் பனையோலையை மடித்து இரண்டு பக்கமும் குவித்துக் கட்டின குடுவை அது, கீழே வைக்க முடியாது, வைத்தால் சரிந்துவிடும், குடித்து முடிக்கும் வரைக்கும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுதான் இருக்க வேண்டும். மேலே வெள்ளை நுரை நிற்கும். சில நேரம் ஒரு தேனீயோ எறும்போ மிதக்கும், அதை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடியுங்கள், இனிப்பைத் தேடி முட்டிக்குள் விழுந்தது அது. ஓலையின் பச்சை மணமும் கள்ளும் சேர்ந்து வருகிற அந்த முதல் வாய்க்காகவே நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பக்கத்தில் பொரித்த மீனோ கணவாயோ கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கள்ளின் வெறியம் (அற்ககோல்) ஏறக்குறைய பியர் அளவுதான், 4, 5 வீதம், ஆனால் லேசாக இறங்குவதால் அளவு தெரியாது. ஒரு போத்திலோடு நிறுத்துங்கள்.

பக்கத்தில் இருப்பவர் "எந்த ஊர்?" என்று கட்டாயம் கேட்பார். சொல்லுங்கள். நீங்கள் திருப்பிக் கேட்க நல்ல விஷயம் மரம்: இந்த வருஷம் பாளை எப்படி, எத்தனை மரம் ஏறுகிறார் என்று. வயதானவரை ஐயா என்று கூப்பிடுங்கள். ஆளின் சாதியைத் தோண்டுகிற கேள்வி ஒன்றும் வேண்டாம். இந்தத் தொழில் செய்கிற குடும்பங்கள் அந்தப் பார்வையால் நிறையப் பட்டிருக்கின்றன. கேட்காமல் படமும் எடுக்காதீர்கள்.

கூட வருகிற பெண் சக ஊழியருக்கு இந்த இடங்கள் இன்னும் வசதியாக இல்லை, அது எனக்கு மனவருத்தம்தான். அவருக்குச் சங்கத்தின் போத்தில் கள்ளு வாங்கிக்கொண்டு போய்த் தங்குமிடத்தில் சேர்ந்து குடியுங்கள். குடிக்காதவர் இருந்தால், முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்குகிற கருப்பணியைக் காலையில் தேடிக் கொடுங்கள், அது நொதிக்காது, தனி இனிப்பு.

கொழும்புக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டால் பச்சைக் கள்ளை இறுக்கி மூடி ரயிலில் ஏற்றாதீர்கள், அது வழியெல்லாம் நொதித்து போத்திலை வெடிக்க வைக்கும். சூடாக்கி அடைத்த போத்தில் கள்ளையே வாங்குங்கள்.