அறிவியல் கண்காட்சியா? தெர்மாகோலை அப்புறம் வாங்கலாம்

அறிவியல் கண்காட்சி என்றதும் முக்கால்வாசிப் பேர் முதலில் தேடுவது தெர்மாகோலைத்தான். எரிமலை பொங்கும், காற்றாலை சுழலும், பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள், ஆனால் நடுவர் வந்து "சரி, இதில் நீ என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்டால் பதில் இருக்காது, ஏனென்றால் வினிகரில் சமையல் சோடா போட்டால் நுரைக்கும் என்பது அவருக்கும் தெரியும். உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும். சின்னதாக இருக்கட்டும், அளக்க முடிந்தால் போதும்.

"சோப்புத் தண்ணீர் செடிக்குக் கெடுதலா?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்தச் செடி, எவ்வளவு சோப்பு, கெடுதல் என்றால் என்ன? இப்படிக் குடைந்து குடைந்து, "சலவைத்தூள் 0.1, 0.2, 0.4 சதவீதம் கலந்த தண்ணீரில் ஐந்து நாளில் எத்தனை பயறு விதைகள் முளைக்கின்றன?" என்பது வரை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. லிட்டருக்கு 1 கிராம் கலந்தால் 0.1 சதவீதம். வெறும் தண்ணீர் ஊற்றிய தட்டும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் முளைக்காத விதையைக் காட்டிச் சோப்பைக் குறை சொல்ல முடியாது, விதையே சொத்தையாக இருந்திருக்கலாம். ஆக நான்கு வகை, வகைக்கு 3 தட்டு, தட்டுக்கு 30 விதை, மொத்தம் 360. எண்ணி எண்ணி அலுத்துப்போகும்தான். ஆனால் பத்து விதையில் ஏழு முளைத்தது என்று போய் நின்றால், அது தற்செயலாக இருக்கக்கூடாதா என்ற ஒரே கேள்வியில் ஆட்டம் முடிந்துவிடும். தட்டுகளெல்லாம் ஒரே இடத்தில், ஒரே அளவு தண்ணீரோடு இருக்கட்டும். வேர் எத்தனை மில்லிமீட்டர் வந்தால் 'முளைத்தது' என்று கணக்கு என்பதையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள், பிறகு மனசு நமக்குச் சாதகமாக எண்ணத் தொடங்கும்.

சோதனையைத் தொடங்கும் முன் போட்டி விதிகளைப் படியுங்கள். இதில் சறுக்குகிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். 1950இல் அமெரிக்காவில் தொடங்கி, இன்று ரீஜெனரான் ஐசெஃப் என்ற பெயரில் நடக்கும் சர்வதேசக் கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குழுவில் மூன்று பேருக்கு மேல் கூடாது, ஆய்வைப் பற்றி எழுதித் தரும் சுருக்கம் 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும், வீட்டில் பாக்டீரியா வளர்க்கவே கூடாது. மனிதர்களையோ முதுகெலும்புள்ள விலங்குகளையோ வைத்துச் செய்வதானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், வகுப்புத் தோழர்களிடம் கேள்விகளைக் கொடுத்துப் பதில் எழுதி வாங்குவதும் இதில் வரலாம். சோதனையை முடித்துவிட்டு அனுமதி கேட்டுப் பயனில்லை. உங்கள் போட்டியின் விதிகள் வேறாக இருக்கலாம், ஆசிரியரோடு உட்கார்ந்து ஒருமுறை வரிக்கு வரி பார்த்துவிடுங்கள்.

குறிப்பேடு ஒன்று போடுங்கள். தாள் தாளாக வேண்டாம், தைத்த நோட்டு, பேனாவில், தேதியோடு. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடியுங்கள், கிழிக்காதீர்கள். நான் மாணவனாக இருந்தபோது தட்டுகளின் மூடியில்தான் பெயர் எழுதினேன், மூன்றாம் நாள் எல்லா மூடியையும் கழற்றி வைத்து எண்ணிவிட்டுத் திரும்பப் பார்த்தால் எது எந்தத் தட்டின் மூடி என்றே தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன். அடித்தட்டில் எழுதுங்கள். அந்தக் கூத்தையும் நோட்டில் எழுதியிருந்தேன், நடுவர் அதிக நேரம் பேசியது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

நினைத்ததற்கு நேர்மாறாக முடிவு வந்தால் எண்களைத் திருத்தாதீர்கள். ஏன் அப்படி வந்திருக்கும் என்று யோசித்தால் பேச நிறைய கிடைக்கும்.

போர்டுக்கு ஒரு வாரம் போதும். கேள்வி, செய்த முறை, வரைபடம், முடிவு, அவ்வளவுதான், நான்கடி தள்ளி நின்றாலும் படிக்க முடிய வேண்டும். நடுவரிடம் மனப்பாடம் ஒப்பிக்காதீர்கள், நடுவில் ஒரு கேள்வி வந்தால் மொத்தமும் சரிந்துவிடும். அறிவியல் பிடிக்காத ஒரு நண்பனுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள், அவன் எங்கே முழிக்கிறானோ அங்கே திருத்துங்கள். "மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்?" என்பதற்கு உண்மையான பதில் ஒன்று கையில் இருக்கட்டும்.

முளைத்த விதைகளை ஆசையாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஐசெஃப் மேசையில் செடி, மண், ஏன், தண்ணீர்கூட வைக்க முடியாது. தினமும் ஒரே தூரத்திலிருந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அதைப் போர்டில் ஒட்டுங்கள்.