முதிய ரெஸ்லிங் வீரரின் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி

தொழில்முறை ரெஸ்லிங்கில் யார் வெல்வார் என்பது முன்பே முடிவாகிவிடுவதால், வயது கடந்த ஒருவர் களமிறங்கும் ஆட்டத்தில் வெற்றி தோல்வியைப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. அவருடைய எடையை யார் சுமக்கிறார், அவருக்காக யார் விழுகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே முதலில் எதிராளியின் கால்களைக் கவனியுங்கள். ஒருவரைத் தூக்கி அடிக்கும் பெரும்பாலான பிடிகளில், தூக்கப்படுபவர் சரியான கணத்தில் எம்பிக் கொடுத்தால்தான் தூக்குபவரின் முதுகு தப்பும். எதிரே இளைஞர் நின்றால் அந்த எம்பலைத் தாராளமாகத் தருவார். முதியவரின் வலு குறைந்திருப்பது கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. இருவருமே வயதானவர்கள் என்றால், தருவதற்கு ஆளில்லை.

2019 ஜூன் 7 அன்று ஜெத்தாவில் 54 வயது அண்டர்டேக்கரும் 52 வயது கோல்ட்பர்க்கும் மோதிய ஆட்டம் இதற்குத் தெளிவான சான்று. பாய்ந்து வந்த கோல்ட்பர்க்கின் தலை மூலைக் கம்பத்தில் மோதி, நெற்றியில் இரத்தம் வழிந்தது. அதன்பின் அவர் அண்டர்டேக்கரைத் தலைகீழாகத் தூக்கியபோது பிடி நிலைக்காமல் போக, அண்டர்டேக்கர் ஏறத்தாழக் கழுத்தின்மீதே வந்து விழுந்தார். வயதைத்தான் பலர் குறை சொன்னார்கள். என் கணிப்பில் குறை, ஜோடி சேர்த்தவர்களுடையது.

2024 மார்ச் 3 அன்று கிரீன்ஸ்பரோவில் 64 வயது ஸ்டிங் ஆடிய இறுதி ஆட்டத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது டேக் டீம் ஆட்டம், அதாவது இருவர் சேர்ந்து இருவரை எதிர்க்கும் ஆட்டம். கூட்டாளி டார்பி ஆலின், எதிரே யங் பக்ஸ் சகோதரர்கள். ஸ்டிங்கும் அடி வாங்காமல் இல்லை. ஆனால் ஏணியிலிருந்து பாய்ந்து கண்ணாடியை உடைத்து முதுகைக் கிழித்துக்கொண்டவர் ஆலின். மூச்சு வாங்க நேரம் கிடைத்த ஸ்டிங், கடைசியில் தம் பழைய பிடியான ஸ்கார்ப்பியன் டெத்லாக்கைப் போட்டு, வென்றே விடைபெற்றார்.

டேக் டீம் என்பதாலேயே ஆபத்து நீங்கிவிடுவதில்லை. 2022 ஜூலை 31 அன்று நாஷ்வில்லில் 73 வயது ரிக் ஃப்ளேர், மருமகன் ஆண்ட்ராடேவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆடியபோதும், இடையில் இருமுறை நினைவிழந்ததாகப் பின்னர் அவரே சொன்னார்.

முதியவருக்கு மூச்சு எவ்வளவு மிச்சம் என்று கணிக்க ஏற்ற நேரம், ஒருவர் மற்றவரின் கழுத்தைப் பிடித்தபடி இருவரும் தரையில் கிடக்கும் நேரமாகும். பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் அந்தப் பிடிதான் அவர்களுக்கு ஓய்வு. அடுத்து என்ன செய்வதென்று முணுமுணுத்துக்கொள்வதும் அப்போதுதான். நடுவரும் குனிந்து விசாரிப்பார். அவர் இரு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக உயர்த்தினால், காயம் உண்மையானது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

‘இறுதி ஆட்டம்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிச் சீட்டு வாங்க வேண்டாம். ஃப்ளேர் 2008இல் ரெஸில்மேனியா என்ற பெரிய ஆண்டு நிகழ்ச்சியிலேயே கண்ணீரோடு விடைபெற்றவர்; டெர்ரி ஃபங்க் 1983இல் ஜப்பானில் ஓய்வு பெற்றுவிட்டு, எழுபதைத் தாண்டியும் களமிறங்கியவர். விளம்பரத்தில் எதிராளி யார் என்று பாருங்கள். துணையின்றி ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டமாக இருந்து, இருவர் வயதையும் கூட்டினால் நூறைத் தாண்டுமென்றால், சீட்டுக் காசை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.