லேபர் மட்டும் பேசி, பொருளை நாமே வாங்கினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு வேலை என்று ஆளைக் கூப்பிட்டதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மெட்டீரியலோடவா, லேபர் மட்டுமா சார்?" என்பதுதான். பாதிப் பேர் யோசிக்காமல் "லேபர் மட்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். மட்டமான சரக்கைப் போட்டுவிட்டு நல்ல சரக்குக்குக் காசு வாங்கிவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கான்ட்ராக்டர் பொருள் மேல் வைக்கும் லாபத்துக்குள் சில வேலைகளும் அடக்கம். கணக்கெடுப்பது, கடைக்கு ஓடுவது, லோடு இறங்கும்போது நின்று எண்ணுவது, குறைந்தால் மறுபடி ஓடுவது, கெட்டதை மாற்றித் தருவது எல்லாம் அதில் வந்துவிடும். லேபர் மட்டும் என்று பேசிய நிமிடமே இதெல்லாம் உங்கள் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பணம் மிச்சமாகிறதா இல்லையா என்பது அதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆள் வந்து பார்க்கும் முன்பே வாங்கிவிடுவது

அதிகப் பணம் வீணாவது இங்கேதான். வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடியில் நல்ல விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். பிளம்பர் வந்து பெட்டியைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது, அது எஸ் ட்ராப்பா, பி ட்ராப்பா என்பதைத்தான். எஸ் ட்ராப்பில் கழிவு தரைக்குள் இறங்கும். பி ட்ராப்பில் பின்சுவருக்குள் போகும். எஸ் ட்ராப் என்றால் அடுத்த கேள்வி வரும்: சுவரிலிருந்து தரைக்குழாயின் நடுப்புள்ளி எத்தனை அங்குலம்? 9 அங்குலமும் 12 அங்குலமும் பரவலாகக் கிடைக்கும். 4 அங்குலத்துக்கும் மாடல் உண்டு. குழாய் 12 அங்குலத்தில் இருக்க, கோப்பை 9 அங்குல மாடலாக இருந்தால் பின்னால் 3 அங்குலம் சந்து விழும். மாறி இருந்தால் கோப்பை சுவரில் இடித்து உட்காரவே உட்காராது. அப்புறம் தரையை உடைக்க வேண்டும், அல்லது கோப்பையை மாற்ற வேண்டும். பெட்டி பிரித்த பீங்கானைத் திரும்ப எடுக்கும் கடை அபூர்வம்.

அளவு எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த அங்குலக் கணக்கு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. வெறும் செங்கல் சுவரில் டேப் பிடித்து 12 என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து அதில் ஒன்று, ஒன்றரை அங்குலத்தைத் தின்றுவிடும்.

சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டரிலும் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் வால்வு) இதே கதைதான். உள்ளே போகும் பாடியும் வெளியே தெரியும் கைப்பிடியும் ஒரே கம்பெனியாக, ஒன்றுக்கொன்று பொருந்தும் மாடலாக இருக்க வேண்டும். "பாடி மட்டும் இப்போ, அலங்காரம் அப்புறம்" என்று தள்ளிப்போட்டு, ஒரு வருடம் கழித்து அந்த மாடல் நின்றுபோய், டைல்ஸை உடைத்தவர்கள் உண்டு. சுவிட்ச் போர்டில் மெட்டல் பாக்ஸ் ஒரு கம்பெனி, பிளேட் வேறு கம்பெனி என்று வாங்கினால் ஸ்க்ரூ துளை சேராமல் எலக்ட்ரீஷியன் உங்களைத்தான் முறைப்பார்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் வேலை செய்யப்போகிறவர் இடத்தைப் பார்க்க வேண்டும், அவர் கையால் லிஸ்ட் எழுதித் தர வேண்டும், அதன் பிறகுதான் கடை. லிஸ்டும் லிஸ்டாக இருக்க வேண்டும். "வயர் அஞ்சு காயில்" என்று எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் தன்னிடம் தேங்கியதைத் தள்ளிவிடுவார். "1.5 ஸ்கொயர் எம்எம், எஃப்ஆர், 90 மீட்டர், ஐஎஸ்ஐ, சிவப்பு 2, கறுப்பு 2, பச்சை 1" என்று இருந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. எஃப்ஆர் என்றால் தீ எளிதில் பரவாத வயர். லைட், ஃபேனுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4 என்பது பொதுவான வழக்கம். விலை குறைவு என்று இதில் ஒரு படி இறங்குவது சிக்கனம் இல்லை, ஆபத்து.

டைல்ஸ் கணக்கு

கடையில் "2க்கு 2" என்று சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர். முழு இரண்டு அடி என்றால் 609.6 இருக்க வேண்டும். பெட்டிக்கு 4 டைல்ஸ், ஆக 16 சதுர அடி என்று வாய்க்கணக்குப் போடுவார்கள். பெட்டி மேல் அச்சாகியிருப்பது 1.44 சதுர மீட்டர், அது 15.5 சதுர அடிதான். 500 சதுர அடித் தரைக்கு வெட்டுக்கழிவு 10 சதவீதம் சேர்த்தால் 550. வாய்க்கணக்குப்படி 35 பெட்டி போதும், உண்மைக் கணக்குப்படி 36 வேண்டும். மூலைவாட்டில் குறுக்காகப் போடுவதாக இருந்தால் கழிவை 15 சதவீதமாக வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் அடியில் தரையோரமாக ஒட்டும் பட்டையான ஸ்கர்ட்டிங்கைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 10க்கு 12 அறையின் சுற்றளவு 44 அடி. 4 அங்குல ஸ்கர்ட்டிங் என்றால் கிட்டத்தட்ட ஒரு பெட்டி அதற்கே போய்விடும்.

ஒரு பெட்டி குறைந்தால் போய் வாங்கி வந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வோம். பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சிட்டிருக்கும். அதே பெயர், அதே மாடல் என்றாலும் பேட்ச் மாறினால் நிறம் ஒரு இழை மாறும். கடை விளக்கில் தெரியாது, ஜன்னல் வெளிச்சம் விழும் ஹாலில் பட்டை பட்டையாகத் தெரியும். முதல் லோடு இறங்கும்போதே எல்லாப் பெட்டியின் எண்ணையும் பாருங்கள். ஒட்டும்போது ஒரே பெட்டியைக் காலி செய்யாமல் மூன்று நான்கு பெட்டியைப் பிரித்துக் கலந்து போடச் சொல்லுங்கள். இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தால் நடுவில் வளைவு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்; 2க்கு 4 டைல்ஸில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒட்டிய டைல்ஸுக்குப் புகார் எடுக்க மாட்டோம் என்று கம்பெனிகள் பெட்டியிலேயே போட்டுவிடுகின்றன.

இன்னொன்று. விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சுவது மிகக் குறைவு, அதனால் வெறும் சிமென்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. சுவருக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் அட்ஹெசிவும் (டைல்ஸ் ஒட்டும் பசை) நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும். நீங்கள் வாங்காவிட்டால் இருக்கும் சிமென்டை வைத்து மேஸ்திரி ஒட்டிவிடுவார். பிறகு அது கழன்று விழுந்தால் அவர் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை.

லோடு இறங்கும்போது வீட்டில் ஆள் இல்லாதது

எம்சாண்ட் (கல்லை அரைத்த மணல்), பிசாண்ட் (பூச்சுக்கான நைசான மணல்), ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. லாரி கொட்டிய பிறகு குவியலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கொட்டும் முன்பு தொட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து பெருக்குங்கள். டிரைவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஈரமான மணல் கால் பங்கு வரைக்கும் உப்பித் தெரியும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சுக்குப் பிசாண்ட் கேட்டவருக்கு எம்சாண்டை இறக்கிவிட்டால் கொத்தனார் சலித்துச் சலித்தே அரை நாளை ஓட்டுவார். அந்த அரை நாள் கூலி உங்களுடையது.

சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் தாண்டியதை வாங்க வேண்டாம். விலை ஏறப்போகிறது என்று யாரோ சொன்னார் என்பதற்காக மொத்தத்தையும் வாங்கி அடுக்குவதும் வேண்டாம். மழைக்காலத்தில் கட்டி பிடித்த மூட்டை குப்பைக்குத்தான். இருக்கும் மூட்டைகளைப் பலகை மேல், சுவரைத் தொடாமல், பத்து வரிசைக்கு மேல் போகாமல் அடுக்குங்கள்.

கம்பியை எண்ணிக்கைக்கு விலை பேசாமல் எடைக்குப் பேசுங்கள். கம்பியின் விட்டத்தை எம்எம்மில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பிக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ. 8 எம்எம் என்றால் சுமார் 4.7 கிலோ. சிறிது கூடக்குறைய இருப்பது தரவிதியிலேயே அனுமதி உள்ளதுதான். ஆனால் "ஒரு கம்பி இவ்வளவு" என்று மலிவாகத் தரும் இடத்தில் நாலைந்து கம்பியைத் தராசில் வைத்தால் மலிவின் காரணம் தெரிந்துவிடலாம்.

கமிஷனைப் பற்றிப் பேசாமல் விடுவது

பெயிண்ட் டப்பாக்களில் பெயிண்டருக்கு என்று டோக்கனோ ஸ்கேன் செய்யும் கோடோ இருக்கும். ஹார்டுவேர் கடைகள் கூட்டி வருகிறவருக்குச் சதவீதம் தருவதும் ஊரறிந்த ரகசியம். நீங்களே போய் வாங்கினால் அந்த வருமானம் அவருக்கு நின்றுபோகிறது. அதனால் லேபர் ரேட் சற்று ஏறும், அல்லது நீங்கள் வாங்கி வந்த எல்லாவற்றிலும் குறை சொல்வார். இதைத் திருட்டு என்று பார்க்காமல் நேரடியாகப் பேசிவிடுவது நல்லது. "அண்ணே, டோக்கன் எல்லாம் நீங்களே எடுத்துக்குங்க, பொருளை நான் எடுக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், வேலையின் சுமுகமே மாறும். கடைக்கு அவரையும் கூட்டிப்போவது இன்னும் நல்லது, ஆனால் விலையை முந்தைய நாளே தனியாக இரண்டு கடையில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போனால் யார் பொறுப்பு

பாத்ரூமில் ஒழுகினால் பிளம்பர் "பைப் நீங்க வாங்கினது சார்" என்பார். கடைக்காரர் "ஒட்டினது சரியில்லை" என்பார். நடுவில் நிற்பது நீங்கள். இதற்கு வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் சில வரிகள் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் போதும். பொருளைப் போடும் முன் அவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். குறை இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும், போட்ட பிறகு பொருளைக் குறை சொல்லக் கூடாது. பேசிய கழிவுக்கு மேல் வெட்டி வீணாக்கினால் யார் செலவு என்பதையும் எழுதுங்கள். பொருள் வராமல் ஆள் சும்மா நின்றால் அன்றைய கூலி உங்களுடையது. அவர் வருவதாகச் சொல்லி வராமல் சிமென்ட் நனைந்தால் அது அவருடையது. பைப் பதித்து மூடும் முன் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்து, ஒரு இரவு விட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லைக் கண்டிப்பாக வாங்குங்கள். பில் இல்லாத பொருளுக்குக் கம்பெனியும் நுகர்வோர் ஆணையமும் என்ன செய்ய முடியும்?

சில்லறைச் சாமான்களையும் அதே தாளில் முடித்துவிடுங்கள். டைல்ஸ் வெட்டும் பிளேடு, ஸ்பேசர், உப்புத்தாள், டெஃப்லான் டேப், ஆணி, ஸ்க்ரூ, பிரஷ், ரோலர் இவையெல்லாம் யார் வாங்குவது? பேசாமல் விட்டால் தினமும் காலை பத்து மணிக்கு ஆபீஸில் இருக்கும்போது போன் வரும். லோடு இறக்கும் கூலி, மாடிக்கு ஏற்றும் கூலி இரண்டும் பொதுவாக லேபர் ரேட்டில் சேராது. இரண்டாம் மாடி என்றால் இது கணிசமான தொகை, ஏனென்றால் பெட்டிக்கு இவ்வளவு என்று மாடிக் கணக்கில் வாங்குவார்கள்.

மீதமானதைத் திருப்பித் தருவதையும் வாங்கும் அன்றே கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்காத டைல்ஸ் பெட்டியைச் சில நாளுக்குள் எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. மெஷினில் கலர் கலந்த பெயிண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். டைல்ஸில் மட்டும் முழுதாகத் திருப்பிவிடாமல் ஒரு பெட்டியை, மேலே உள்ள பேட்ச் எண் கிழியாமல், பரணில் போட்டுவையுங்கள்.