ரூபி: உதவி மெத்தட்களை டெஸ்ட்டின் கைக்கு எட்டாமல் வைப்பது எப்படி?

ரூபி நிரல்மொழியில் பில் என்று ஒரு கிளாஸ். அதில் இரண்டு மெத்தட்கள்: மொத்தம், தள்ளுபடி. (ரூபியில் மெத்தட்டுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கிளாஸ் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதால் அங்கே மட்டும் தமிழ் செல்லாது.) வெளியே தேவைப்படுவது மொத்தம்தான். விலை 1,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதத்தைக் கணக்கிட்டுத் தரும் எடுபிடி, தள்ளுபடி.

படி 1: தள்ளுபடியை கிளாஸின் அடிப்பகுதிக்கு நகர்த்துங்கள். அதற்கு மேல் தனி வரியில் பிரைவேட் என்று எழுதுங்கள். அதன்கீழ் டெஃப் போட்டு எழுதும் மெத்தட்கள் எல்லாம் வெளியிலிருந்து அழைக்க முடியாதபடி மறைந்துவிடும். ஒன்றை மட்டும் மறைக்க, ரூபி 2.1 முதல் டெஃப்புக்கு முன்னால் அதே வரியிலேயே பிரைவேட் போடலாம்.

செல்ஃப் புள்ளி சேர்த்து எழுதிய கிளாஸ் மெத்தட்களை (கிளாஸின் பெயரிலேயே அழைக்கப்படுபவை) இந்த பிரைவேட் தொடவே தொடாது, எச்சரிக்கையும் வராது. அவற்றுக்கு பிரைவேட் கிளாஸ் மெத்தட் என்ற தனிக் கட்டளை உண்டு.

படி 2: டெஸ்ட்டிலிருந்து தள்ளுபடியை அழைத்துப் பாருங்கள். நோ மெத்தட் எரர் வரும். வரட்டும், நாம் கேட்டது அதைத்தான்.

படி 3: இணையத்தில் தேடினால், செண்ட் (மெத்தட்டின் பெயரைக் கொடுத்து அதை அழைக்கும் கட்டளை) போட்டு அழைக்கச் சொல்வார்கள். அது வேலை செய்யும். பிரைவேட்டை செண்ட் மதிப்பதில்லை. ஆனால் நாளை தள்ளுபடியின் பெயரை மாற்றினால், பில் தொகை சரியாக இருந்தும் டெஸ்ட் விழும். இப்படிப் பொய்யாக அலறும் டெஸ்ட்டை யாரும் நெடுநாள் நம்பமாட்டார்கள். பெயரை வைத்து அழைத்தே ஆக வேண்டும் என்றால் பப்ளிக் செண்ட் இருக்கிறது. அது பிரைவேட்டைத் தாண்டாது.

படி 4: மொத்தம் வழியாகவே சோதியுங்கள். 1,000 கொடுத்தால் 1,000, 1,100 கொடுத்தால் 990, 2,000 கொடுத்தால் 1,800. எல்லைக்கோட்டின் இருபுறமும் பார்த்தாயிற்று. தள்ளுபடியின் பெயர்கூட டெஸ்ட்டுக்குத் தெரியாது.

டெஸ்ட் கோப்பிலும் இதே பழக்கம் உதவும். டெஸ்ட் என்ற சொல்லும் கீழ்க்கோடுமாகத் தொடங்கும் பப்ளிக் மெத்தட்களை, ரூபியின் டெஸ்ட் கருவியான மினிடெஸ்ட் தானே ஓட்டிவிடும். உதவி மெத்தட்டுக்குத் தவறிப்போய் அப்படிப் பெயர் வைத்தால் அதுவும் ஓடும். பிரைவேட் போட்டால் விட்டுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் தள்ளுபடியை நேராகச் சோதிக்கத் தோன்றுகிறதா? பண்டிகைச் சலுகை, உறுப்பினர் சலுகை என்று விதிகள் பெருகியிருக்கும். அவற்றைத் தனி கிளாஸாகப் பிரித்துவிடுங்கள். அங்கே அது பப்ளிக் மெத்தட், தாராளமாகச் சோதிக்கலாம்.