தார் பாலைவனத்தில் குழுவாக பைக் பயணம்: முதல் முறை போகிறவர்கள் எப்படித் தயாராவது?

ஜெய்சல்மேரில் கிளம்பி ராம்கட், தனோட், லோங்கேவாலா என்று ஒரு சுற்று போய்த் திரும்பினால் சுமார் 270 கிலோமீட்டர். பெரும்பாலும் நல்ல சாலை. நம்ம ஈசிஆரில் ஓட்டிப் பழகிய யாரும் தாராளமாக ஓட்டிவிடலாம். ஏழெட்டு பைக்குகள் நாலைந்து கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிப் போயிருக்கும்போது கடைசி ஆளுக்கு பஞ்சராகி, அங்கே போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை என்றால், அப்போதுதான் கஷ்டம் தெரியும். முன்னால் போகிறவர்களுக்கு விஷயமே தெரியாது. ஆகவே இந்தப் பதிவில் பைக், உடுப்பு பற்றியும் சொல்கிறேன், ஆனால் அதிகம் பேசப்போவது ஒருவரையொருவர் தொலைக்காமல் இருப்பது பற்றித்தான்.

1. முதலில் மாதத்தையும் பாதையையும் முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். கோடையில் வேண்டவே வேண்டாம். இதே தார்ப் பகுதியில் இருக்கும் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. குளிர்காலப் பகல் நமக்கு ஊட்டி வெயில் மாதிரி சுகமாக இருக்கும், ராத்திரியில் பல் கிட்டிக்கும்.

ஒரு விஷயத்தை நம்ம ஊர்க்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஜெய்சல்மேர் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் ஜனவரியில் ஏழரை மணியை ஒட்டித்தான் சூரியன் தலைகாட்டும். சென்னையில் கிளம்புவதுபோல அஞ்சு மணிக்குக் கிளம்பினால் ரெண்டரை மணி நேரம் இருட்டிலும் குளிரிலும் ஓட்ட வேண்டிவரும். சாலையில் ஒட்டகம் நிற்கும். அதன் கால்கள் உயரம், உடம்பு ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும், கிட்டே போகும்வரை தெரியாது. எட்டு மணிக்குக் கிளம்பி, மாலை ஐந்தரைக்குள் தங்குமிடம் சேருகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

மணலைப் பார்த்ததும் பைக்கை இறக்கிவிடாதீர்கள். பொக்ரான் பக்கம் ராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் களங்கள் இருக்கின்றன. ஜெய்சல்மேரின் மேற்கே பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. கானமயில் என்கிற அரிய பறவை தரையில் முட்டையிடும் இடம் அது. தனோட்டைத் தாண்டி எல்லைப் பக்கம் போக அனுமதி வேண்டும். மணலில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் ஸாம் மணல்மேடுகள் பக்கம், உள்ளூர் ஆட்களிடம் எங்கே ஓட்டலாம் என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

2. பைக்

பெரிய அட்வென்ச்சர் பைக் தேவையே இல்லை. கிளாசிக் 350, எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் எல்லாமே போதும். ஊரிலேயே முழு சர்வீஸ் முடித்து, அதற்குப் பிறகு ஒரு இருநூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். சர்வீஸ் சென்டரிலிருந்து நேராக ரயில் பார்சலுக்குப் போகக் கூடாது. (ரயிலில் ஏற்றும்போது டேங்க் காலியாக இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.)

பெட்ரோல் கணக்கு: ராம்கட்டில் நிரப்பிவிட்டு தனோட், லோங்கேவாலா பார்த்து மறுபடி ராம்கட் வர சுமார் 140 கிலோமீட்டர். நடுவில் பங்க் கிடைக்கும் என்று நம்பாமல் கிளம்புங்கள். குழுவில் எந்த பைக்கின் டேங்க் சின்னதோ அதை வைத்துத்தான் எல்லாருக்கும் கணக்கு. மணலில் ஓட்டினால் மைலேஜ் படுத்துவிடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் பெட்ரோலுக்குத் தகர கேன் வாங்குங்கள், பிளாஸ்டிக் பாட்டிலில் பங்க்கில் ஊற்ற மாட்டார்கள்.

டயர் விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். தாரில் சாலையோரமெல்லாம் நம்ம ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது, அதே மரம், அதே முள். நிழல் கிடைக்கிறதே என்று அதன் அடியில் பைக்கை நிறுத்தினால் பஞ்சர் நிச்சயம். டியூப்லெஸ் என்றால் ஒட்டும் கிட், காற்றடிக்கும் சின்ன பம்ப். டியூப் டயர் என்றால் ஸ்பேர் டியூப், டயர் லீவர் ரெண்டு. முன் சக்கரத்துக்கு 21 இன்ச் டியூப் ஒன்று வைத்திருந்தால் அவசரத்துக்கு அதைப் பின் டயரிலும் மடித்துப் போட்டு ஊர் சேரலாம். லீவரைக் கையில் பிடித்து ஒரு தடவையாவது டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முழங்காலால் டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டால்தான் எதிர்ப்பக்கம் இளகும். இது யூடியூபில் பார்த்தால் வராது, கைக்கு வர வேண்டும்.

மணலில் இறங்கும்போது காற்றைக் குறைக்க வேண்டும். பழகியவர்கள் 15 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். புதியவர்கள் 18-20இல் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் டியூப் டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றும், டியூபும் கூடவே இழுபடும். வால்வ் காம்பு நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் காம்பு அறுந்துவிடும் என்று அர்த்தம். சாலைக்குத் திரும்புவதற்கு முன் காற்றை மறுபடி ஏற்றிவிட வேண்டும்.

ஏர் ஃபில்டரை மறந்துவிடாதீர்கள். மணலில் ஓட்டிய நாள் மாலையில் கழற்றிப் பாருங்கள். பேப்பர் ஃபில்டர் என்றால் மெல்லத் தட்டினாலே முகப்பவுடர் மாதிரி தூசி கொட்டும். செயினுக்கு கியர் ஆயிலை ஊற்றி ஊறவைக்கும் பழக்கம் இங்கே ஆகாது. மணல் ஒட்டி அரைத்துவிடும். சீக்கிரம் காயும் வேக்ஸ் வகை செயின் ஸ்ப்ரே போதும்.

மீதி சில்லறைச் சாமான்கள்: கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஃபியூஸ், கிளட்ச்-பிரேக் லீவர், செயின் லாக். ஒரே மாடல் பைக் நாலு பேரிடம் இருந்தால் ஆளுக்கு ஒரு செட் சுமக்க வேண்டியதில்லை, பிரித்துக்கொள்ளுங்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு தட்டையான பலகைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மணலில் ஸ்டாண்ட் இறங்கி பைக் சாய்ந்துவிடும்.

3. உடுப்பு, தண்ணீர்

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு ஹெல்மெட், தோள்-முழங்கை-முதுகு பாதுகாப்பு உள்ள ஜாக்கெட், முழங்கால் கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை. ஜாக்கெட்டுக்கு உள்ளே போடும் குளிர் லைனரைக் காலையில் போட்டு, பதினொரு மணிக்குக் கழற்றி, மாலை மறுபடி போட வேண்டிவரும், அதனால் அதைப் பையின் மேலாக வையுங்கள். காற்று வீசும்போது பறக்கும் மணலுக்கு மூக்கையும் கழுத்தையும் மூடும் துணி வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது.

காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். தண்ணீர் இழப்பது தெரியவே தெரியாது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு நாலைந்து லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ரெண்டு லிட்டர் முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையில். அப்போதுதான் நிற்காமலே குடிப்பீர்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், அரை பாட்டிலில் கரைக்காதீர்கள்.

4. பேச்சுக்கு எந்தக் கருவி?

இங்கே முதலில் எதைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் மாட்டினால் பயணம் அங்கேயே முடிந்தது. சாட்டிலைட் போன் வேண்டாம். துரையா, இரிடியம் போன்களை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். மலையேறிகள் வெளிநாட்டில் வைத்திருக்கும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் கருவிக்கும் இதே கதிதான். அதை வைத்திருந்ததற்காக 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை ஒருவரைத் தடுத்து வைத்தார்கள். நீங்கள் போவதோ பாகிஸ்தான் எல்லை. ட்ரோனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வாக்கி-டாக்கியில் கவனம் தேவை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த திறன் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பாவோஃபெங் மாதிரியான கருவிகள் இந்த எல்லைக்கு வெளியேயும் ஒலிபரப்பும். அதற்கு லைசென்ஸ் வேண்டும். பெட்டியில் அலைவரிசை தெளிவாகப் போடாத எதையும் வாங்காதீர்கள்.

ஹெல்மெட் இன்டர்காமில் ரெண்டு வகை. புளூடூத் இன்டர்காம் சங்கிலி மாதிரி ஒருவரோடு ஒருவர் இணைந்து நிற்கும், நடுவில் இருப்பவர் பின்தங்கினால் அவருக்குப் பின்னால் உள்ளவர்களும் அறுந்துவிடுவார்கள். மெஷ் வகையில் ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் தாமாகவே இணைந்துகொள்வார்கள். வேறு வேறு கம்பெனி மெஷ் கருவிகள் பொதுவாகத் தங்களுக்குள் பேசாது, ஆகவே யார் எதை வாங்குவது என்று முன்பே பேசி முடிவெடுங்கள். விலை அதிகம் என்பதால் எல்லாரும் வாங்க முடியாது. என் கருத்து: லீட் (முதலில் போகிறவர்), ஸ்வீப் (கடைசியில் வருபவர்), நடுவில் ஒருவர் என்று மூன்று பேரிடம் மெஷ் இருந்தால் போதும். எட்டு பேரும் ஒரே சேனலில் இருந்தால் பாட்டும் அரட்டையும்தான் ஓடும், முக்கியமானது காதில் விழாது.

பெட்டியில் எழுதியிருக்கும் தூரத்தை நம்பாதீர்கள். ஊரிலேயே ஒரு நேர் சாலையில் ஒருவர் நின்று, மற்றவர் ஓட்டிக்கொண்டே போய் எங்கே அறுகிறது என்று பாருங்கள். அந்தத் தூரத்தில் பாதியைத்தான் குழுவின் நீளமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

போன் சிம் எல்லாரிடமும் ஒரே கம்பெனியாக இருக்கக் கூடாது. ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றும் குழுவில் யாரிடமாவது இருக்கட்டும். ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னல் வேண்டாம், மேப்புக்குத்தான் வேண்டும். ஜெய்சல்மேர் மாவட்டம் முழுவதையும் கூகுள் மேப்ஸிலோ ஆஸ்மேண்டிலோ ஆஃப்லைனில் இறக்கிவையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு மேப் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. நெட் இல்லாத இடத்தில் அது கடைசியாக இருந்த இடத்திலேயே நிற்கும்.

5. கருவி இல்லாமலே ஓடும் ஒழுங்கு

பேட்டரி தீரும், புளூடூத் அறும். அப்போதும் குழு கலையாமல் இருக்க ரெண்டு விதி போதும்.

முதல் விதி: உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்கள் பொறுப்பு. கண்ணாடியில் அவர் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள், இன்னும் தெரியவில்லை என்றால் ஓரமாக நில்லுங்கள். நீங்கள் நின்றால் உங்களுக்கு முன்னால் போகிறவர் கண்ணாடியில் நீங்கள் காணாமல் போவீர்கள், அவரும் நிற்பார். இப்படியே லீட் வரைக்கும் தகவல் போய்ச் சேரும்.

ரெண்டாவது விதி: திருப்பத்தில் ஆள் நிறுத்துவது. ராம்கட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே சாலை பிரிகிறது, ஒன்று தனோட்டுக்கு, இன்னொன்று நேராக லோங்கேவாலாவுக்கு. லீட் தனோட் பக்கம் திரும்பும்போது அவருக்கு அடுத்து வருபவர் அந்த முனையில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நின்று கை காட்டுவார். மற்றவர்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார்கள். கடைசியில் ஸ்வீப் வந்ததும் நின்றவர் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் இப்போது ரெண்டாவதாக இருப்பவர் நிற்பார். ஸ்வீப் வரும்வரை அந்த ஆள் எதற்காகவும் நகரக் கூடாது, டீ குடிக்கக்கூட. ஸ்வீப்புக்கு அடையாளமாக மஞ்சள் ஜாக்கெட்டோ ஹெல்மெட்டில் பளிச்சென்ற பட்டையோ இருக்கட்டும்.

லீடாக வேகமாக ஓட்டுகிறவரைப் போடாதீர்கள், நிதானமாக ஓட்டுகிறவரைப் போடுங்கள். ஸ்வீப்தான் குழுவில் அனுபவம் கூடியவராக, பஞ்சர் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். புதியவர்களை லீடுக்கு அடுத்து விடுங்கள். பெட்ரோலுக்கு டேங்கைத் தட்டிக் காட்டுவது, மணல் கிடந்தால் காலை நீட்டிக் காட்டுவது, நிற்கக் கையை உயர்த்துவது என்று மூன்று சைகை போதும். வளைவு தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே மணல் ஓடிக் கிடப்பது இங்கே சாதாரணம், அதற்கான சைகைதான் அதிகம் பயன்படும்.

6. ஒருவர் காணாமல் போனால்

இதைக் கிளம்புமுன் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும். தொலைந்தவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கடைசியாகக் குழுவைப் பார்த்த சாலையில், பைக்குக்குப் பக்கத்திலேயே நிற்பது. குறுக்கு வழியில் பிடித்துவிடலாம் என்று மணலில் இறங்கக் கூடாது. தேடப் போகிறவர்கள் ரெண்டு பேராகப் போக வேண்டும், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். போகிறவர்கள் எத்தனை மணிக்குத் திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த நேரம் தாண்டினால் சிக்னல் உள்ளவர் 112-ஐ அழைப்பார். தனோட் பக்கம் என்றால் எல்லைப் பாதுகாப்புப் படையினரிடம் சொல்லலாம், தனோட் மாதா கோயிலையே அவர்கள்தான் பராமரிக்கிறார்கள்.

ஒவ்வொருவர் ஜாக்கெட் பையிலும் ஒரு சீட்டு இருக்கட்டும்: பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண், குழுவில் ரெண்டு பேர் எண். போன் லாக்கில் இருந்தால் எண் யாருக்கும் கிடைக்காது, தாளில் இருந்தால் கிடைக்கும். அந்த வரிகளை இந்தியிலும் எழுதி வையுங்கள், உதவிக்கு வரும் ஆட்டுக்காரருக்கோ லாரி டிரைவருக்கோ தமிழ் படிக்கத் தெரியாது.

கடைசி வேலை வீட்டில். அன்றன்றைய பாதை, தங்கும் இடம், வந்துசேரும் நேரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஒரே ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். எட்டு வீட்டுக்கும் எட்டு விதமாகச் சொன்னால் ராத்திரி ஏழு மணிக்கு எட்டு பேரும் எட்டு இடத்துக்கு போன் அடிப்பார்கள். அந்த ஒருவருக்கு தினமும் மாலை குறுஞ்செய்தி அனுப்புவது லீடின் வேலை. இரவு ஒன்பது வரை செய்தி வரவில்லை என்றால் முதலில் தங்குமிடத்தை அழைக்க வேண்டும். அங்கேயும் வந்துசேரவில்லை என்றால் அடுத்து ஜெய்சல்மேர் போலீஸ். அவர் தமிழ்நாட்டிலிருந்து 112 அடித்தால் அழைப்பு இங்குள்ள கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும், ஆகவே ஜெய்சல்மேர் காவல் கட்டுப்பாட்டு அறையின் தரைவழி எண்ணை முன்கூட்டியே எடுத்து அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.