வால்வு நோயாளியின் இசிஜியில் மின்கடத்தல் குறிகளைப் படிக்கும் முறை

இதய வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை இசிஜி சொல்லாது; அதற்கு எக்கோ (ஒலியலைப் படம்) தான் வேண்டும். பெருந்தமனி வால்வில் இரத்தத்தின் உச்ச வேகம் நொடிக்கு 4 மீட்டரை எட்டுவதும் சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசத்தை எட்டுவதுமே கடுமையான சுருக்கத்தின் முதன்மை அளவுகோல்கள். ஆனால், நோய் வால்வைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் இறங்கிவிட்டதா என்பதற்கான முதல் தடயம் பல வேளைகளில் இசிஜியில்தான் கிடைக்கிறது. இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்தூண்டலைக் கடத்தும் பாதை அந்தத் திசு வழியே செல்வதே காரணம்.

முதலில் பிஆர் இடைவெளியை, அதாவது மின்தூண்டல் மேலறைகளிலிருந்து கீழறைகளைச் சென்றடைய எடுக்கும் நேரத்தை, அளவிடுங்கள். நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடிய தாளில் ஒரு சிறு கட்டம் 40 மில்லி நொடி. பி அலை (மேலறைகளின் மின்தூண்டல்) தொடங்கும் இடத்திலிருந்து கியூஆர்எஸ் (கீழறைகளின் மின்தூண்டல்) தொடங்கும் இடம் வரை மூன்று முதல் ஐந்து கட்டங்கள் இருந்தால் இயல்பு. ஐந்தைத் தாண்டினால் முதல் நிலை அடைப்பு; இங்கே அடைப்பு என்பது மின்கடத்தலில் ஏற்படும் தடை, இரத்தக்குழாய் அடைப்பு அல்ல. அடுத்து கியூஆர்எஸ் அகலத்தைப் பாருங்கள். அது மூன்று கட்டங்களை எட்டினால், மார்பில் ஒட்டும் மின்முனைகளின் வி1, வி6 பதிவுகள் இரண்டையும் வைத்து மின்பாதையின் வலக்கிளை அடைப்பா இடக்கிளை அடைப்பா எனப் பிரித்தறியுங்கள். பீட்டா பிளாக்கர், டில்டியாசெம், டிகாக்ஸின் ஆகிய இதய மருந்துகளும் பிஆர் இடைவெளியை நீட்டும் என்பதால், மருந்துச் சீட்டைப் பார்க்காமல் வால்வின் மீது பழி போடக் கூடாது. பழைய இசிஜி இருந்தால் கட்டாயம் வாங்கி ஒப்பிடுங்கள். புதிதாக வந்த மாற்றத்துக்கே மதிப்பு அதிகம்.

பெருந்தமனி வால்வின் வலக் கரோனரி இதழும் கரோனரி சாராத இதழும் சேரும் இடத்துக்குக் கீழே மெல்லிய சவ்வுத் தடுப்புச்சுவர் உள்ளது. மின்தூண்டலைக் கீழறைகளுக்குக் கொண்டுசெல்லும் ஹிஸ் கற்றை அதன் கீழ் விளிம்பை ஒட்டியே செல்கிறது. ஆகவே அந்த வால்வில் கிருமித்தொற்று உள்ளவருக்கு, சேர்த்த அன்று நான்கு கட்டமாக இருந்த பிஆர், சில நாள் கழித்து ஆறு கட்டமானால், வேறு காரணம் உறுதியாகும் வரை வால்வின் வேரில் சீழ்க்கட்டி உருவாகியிருப்பதாகவே கருதி, உணவுக்குழாய் வழி எக்கோவுக்கு உடனே ஏற்பாடு செய்து, இதய அறுவை மருத்துவரையும் அழைக்க வேண்டும். மின்தூண்டல் கீழறைகளுக்குச் சற்றும் செல்லாத முழு அடைப்பு திடீரென வரக்கூடும். தற்காலிக பேஸ்மேக்கர் வசதி உள்ள இடத்தில் நோயாளி இருப்பது நல்லது. இத்தகையோருக்குத் தினமும் இசிஜி எடுப்பதை ஒருபோதும் சடங்காக நினைக்காதீர்கள். பிஆர் இயல்பாக இருப்பதால் மட்டும் சீழ்க்கட்டி இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள்.

வாதக் காய்ச்சலில் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து வால்வையும் தாக்கக்கூடிய நோய்) நிலைமை வேறு. அதைக் கண்டறிய 1944இல் வெளியான ஜோன்ஸ் அளவுகோல்களில் பிஆர் நீட்சி ஒரு சிறு குறியாகவே இடம்பெற்றது. அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அதைக் கொண்டு வால்வின் பாதிப்பைக் கணிக்க முடியாது.

முதியவர்களின் சுண்ணாம்பு படிந்த வால்விலோ, படிவு கீழிறங்கிக் கடத்தல் பாதையையே அரிக்கலாம். அப்படிப்பட்டவர் மயங்கி விழுந்தால், சுருக்கம்தான் காரணம் என்று நின்றுவிடாமல், இடைவிட்டு வரும் அடைப்பைத் தேடித் தொடர் இசிஜி பதிவு செய்யுங்கள். வடிகுழாய் வழியாக வால்வு பொருத்தவிருப்பவருக்கு வலக்கிளை அடைப்பு ஏற்கெனவே இருந்தால், புதிய வால்வின் சட்டம் இடக்கிளையையும் அழுத்தி முழு அடைப்பில் கொண்டுவிடக்கூடும். நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே அவரிடமும் குடும்பத்தாரிடமும் சொல்லிவிடுங்கள்.